அடியால் வராத நோய்

என் மனைவியை நான் முதல் தடவை அறைந்தது ஒரு ரசக் கிண்ணத்துக்காக. ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அடுப்பிலிருந்து எடுத்துவந்த கிண்ணம் அவள் வலது கையிலிருந்து நழுவி என் மடியில் கொட்டியது. தொடை வெந்துவிட்டது. எழுந்த வேகத்திலேயே விட்டேன் ஒன்று. கன்னமும் காதும் சேர்ந்து வாங்கின. அவள் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வலது கையைக் கண்ணெதிரே தூக்கி, விரல்களை மடக்கி மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை இருக்கிற மாதிரியே தெரியலங்க" என்றாள்.

"நடிக்காதே" என்றேன்.

அது என் தொழில் வார்த்தை. பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராகப் பத்தொன்பது வருடம் ஆகிறது. வயிற்றுவலி என்பான், கணுக்கால் பிசகிவிட்டது என்பான், தலை சுற்றுகிறது என்பான். நடிக்காதே என்று ஒரு அதட்டல் போட்டு, மைதானத்தைச் சுற்றி நாலு ரவுண்டு ஓடவிட்டால் எல்லா வலியும் பறந்துவிடும். அப்படி ஓடவிட்ட பையன்களில் பத்துக்கு ஒன்பது பேர் நிஜமாகவே நடித்தவர்கள்தான். மிச்சம் இருந்த அந்த ஒருவனைப் பற்றி நான் என்றைக்கும் யோசித்ததில்லை.

அவள் எனக்கு அந்நியம் இல்லை. என் அம்மாவுடைய அண்ணன் மகள். நாங்கள் கத்தோலிக்கர்கள், மாமன் மகளைக் கட்டுவதென்றால் பிஷப் ஆபீஸில் விதிவிலக்கு வாங்க வேண்டும். நேர்காணலில் பெரிய சாமியார், சொந்தத்தில் ஏன் கட்டுகிறாய் என்று கேட்டபோது, "தெரிஞ்ச ரத்தம் ஃபாதர்" என்று பெருமையாகச் சொன்னேன். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் மாடி வீடு, வொயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை, பதினொரு வயதில் ஒரு மகள். காலை ஏழு மணிக்குக் கேப் வரும். கறுப்புக் கண்ணாடி போட்ட வண்டியில் ஏறி, ஏ.சி. கட்டடத்தில் இறங்கி, பொழுது சாய்ந்த பிறகு வீடு வருவாள். வாரம் முழுக்க அவள் மேல் வெயில் படாது. அதை நான் ஒரு வசதியாகத்தான் நினைத்திருந்தேன்.

அந்த அறைக்குப் பிறகு கை பழகிவிட்டது. சாவியைத் தவறவிட்டால் ஒன்று. படியில் தடுக்கினால் முதுகில் ஒரு தள்ளு. சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்தால், "ஆபீஸ்ல என்ன மூட்டையா தூக்குற?" என்று காலைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பேன். அவளுக்கு இருந்தது சோர்வு இல்லை, உடம்பிலிருந்து உயிரை உறிஞ்சி எடுக்கிற வேறு ஏதோ ஒன்று என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சிவாஜிநகர் போனோம். மகளுக்கு ஃபிராக் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடக்கும்போது அவள் இடது கால் இழுத்தது. இரண்டடி நேராக, மூன்றாவது அடி பக்கவாட்டில். ஆட்டோவில் உட்கார்ந்திருந்த ஒருவன், "ஏனு மேடம், காலைலயே ஃபுல்லா?" என்று சிரித்தான். அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, ஆட்டோ கம்பியில் அவன் முகத்தை மோதினேன். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. கறிக்கடைக்காரர்கள் ஓடிவந்து என்னைப் பிய்த்து எடுத்தார்கள். எனக்கு ஆத்திரம் தீரவில்லை. திரும்பி, அத்தனை பேர் பார்க்க, "மானத்த வாங்குறியா?" என்று அவளை அறைந்தேன். பை கீழே விழுந்து, ஃபிராக் கறிக்கடைத் தண்ணீரில் கிடந்தது. மகள் குனிந்து அதை எடுத்துப் பிழிந்தாள்.

ஜனவரியில் அவளுக்கு ஒரு கண் மங்கியது. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிகிறது என்றாள். கண் டாக்டர் கண்ணில் கோளாறு இல்லை, பின்னால் நரம்பில் வீக்கம் என்று நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். அவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். படத்தில் மூளைக்குள் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். கழுத்துக்குக் கீழே தண்டுவடத்திலும் ஒன்று.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார் டாக்டர். கரண்ட் ஒயருக்கு மேல் பிளாஸ்டிக் இருப்பதுபோல நரம்புக்கு மேல் ஒரு உறை இருக்கிறதாம். கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல் படை, ஆள் தெரியாமல் அந்த உறையைப் போட்டு அடிக்கிறதாம். அடி விழுந்த இடத்தைப் பொறுத்துக் கை மரத்துப்போகும், கால் இழுக்கும், கண் மங்கும். சில நாளில் கொஞ்சம் சரியாகும், திரும்ப வரும். முற்றாகப் போக்க மருந்து இல்லை, தாக்குதலைக் குறைக்க மருந்து இருக்கிறது. இதையெல்லாம் அவர் நிதானமாக, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். சொந்த வீட்டையே அடிக்கிற படை என்றபோது நான் மேஜைக்கு அடியில் என் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

"எதனால டாக்டர்?" என்று கேட்டாள் அவள்.

"ஒரே காரணம்னு ஒண்ணு இல்லம்மா. ஜீன்ஸ் கொஞ்சம். அதுவும் ஒரே ஜீன் இல்ல, நெறைய, ஒவ்வொண்ணும் ஸ்வல்ப ஸ்வல்ப, கொஞ்சம் கொஞ்சமா. அதுக்கு மேல சூழ்நிலை. சின்ன வயசுல முக்கால்வாசிப் பேருக்கு வந்து போற ஒரு வைரஸ் இருக்கு, அதுக்கு இதுல பெரிய பங்கு. வெயில் படாம வைட்டமின் டி குறையறது. சிகரெட். கூட இருக்கிறவங்க விடுற புகைகூட. இதெல்லாம் சேர்ந்து ஒருத்தருக்கு வரும், அதே மாதிரி இன்னொருத்தருக்கு வராது. ஏன்னு எங்களுக்கே முழுசா தெரியாது."

நாங்கள் சொந்தத்தில் கட்டியதைச் சொன்னோம். அப்பனிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்குகிற நோய் இல்லை இது என்றார். மகளுக்கு வருமா என்று அவள் கேட்டாள். ஆபத்து மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட, ஆனால் பெரும்பாலும் வராது என்றார். கொஞ்ச நேரம் கழித்து அதையே இன்னொரு விதமாகக் கேட்டாள். அதே பதிலைச் சொன்னார்.

எனக்கு வேறு கேள்வி இருந்தது.

"அடி பட்டா வருமா டாக்டர்?"

"எந்த மாதிரி அடி?"

"சும்மா, பொதுவா கேட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "கன்னத்துல விழுற அடியால இது வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். நான் கன்னம் என்று சொல்லவே இல்லை. அவளிடம், "தனியா ஏதாவது பேசணுமாம்மா?" என்று கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

சொன்னால் காறித் துப்புவீர்கள். ஆனாலும் சொல்கிறேன். வெளியே வந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னால் வரவில்லை. படித்த டாக்டரே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, நிம்மதியாக இழுத்தேன். அவள் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மூளையில் புள்ளி விழுந்திருக்கிறது, எனக்கு விடுதலை கிடைத்திருக்கிறது.

விஷயம் சொந்தக்காரர்களுக்குப் போனது. முதலில் வந்தது என் அம்மா. இரண்டு கிராஸ் தெரு தள்ளித்தான் அவள் வீடு. வந்து உட்கார்ந்ததும் புலம்ப ஆரம்பித்தாள். "எங்க பக்கம் யாருக்கும் இப்படி ஒரு நோய் இல்லப்பா. எல்லாம் இவ வம்சத்துக் கோளாறு. பாத்துக் கட்டியிருக்கணும்." அதே நேரம் பார்த்து என் மனைவியின் அண்ணன் தம்பி இருவரும் மாடியேறி வந்தார்கள். அத்திபெலேயில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர்கள், கடை வண்டியிலேயே வந்திருந்தார்கள். சின்னவன் வாசலில் நின்றபடியே, "அத்தே, எங்க வம்சம்னா யாரு வம்சம்? உங்க அப்பா வம்சம்தானே? யாரத் திட்றீங்கன்னு கொஞ்சம் யோசிச்சுத் திட்டுங்க" என்றான். அம்மா சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள். பிறந்த வீட்டையே சபித்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் பெரியவனுக்குப் போதுமானதாக இருந்தது.

"சிரிக்கிறியாடா? என் தங்கச்சி தலையில அடிச்சு அடிச்சு நரம்பச் சாகடிச்சுட்டு சிரிக்கிற!"

கடையில் இரும்புக் கம்பி தூக்கிப் பழகிய கை அவனுக்கு. முதல் குத்திலேயே என் முன்பல் உடைந்து நாக்கில் விழுந்தது. அடுத்ததில் நான் செருப்பு ஸ்டாண்டோடு சேர்ந்து சாய்ந்தேன். கையில் அகப்பட்டது என் பழைய ஹாக்கி மட்டை. எழுந்து வீசினேன். பெரியவன் விலகிக்கொள்ள, தடுக்க வந்த சின்னவன் முழங்கைக்குக் கீழே பட்டது. காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. அவன் அலறினான். பெரியவன் என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் வைத்து அழுத்தினான். மாதா படம் ஆணியிலிருந்து விழுந்து உடைந்தது. மூச்சு முட்டும்போதும் நான் கத்திக்கொண்டே இருந்தேன்.

"அடியால வராதுடா! டாக்டரே சொல்லிட்டாரு! வேணும்னா அவளக் கேளு! அடியால வராது!"

பள்ளிக்கூடத்தில் பாஸ் ஆனவன் மார்க் ஷீட்டை ஆட்டிக் காட்டுவானே, அப்படி ஆட்டினேன் அந்த வார்த்தையை.

அவள் உள் அறையிலிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். மகள் அவள் நைட்டியைப் பிடித்திருந்தாள். "அண்ணா, விடு" என்றாள். அவன் பிடி தளர்ந்தது. "அடியால வரல. அது நிஜம். அடிச்சாரு. அதுவும் நிஜம்" என்றாள்.

பெரியவன் அவளை அப்போதே புறப்படச் சொன்னான். மகளுக்குப் பரீட்சை, தனக்கு ஆபீஸ், ஊசி மருந்து வேறு ஆரம்பிக்க வேண்டும், யோசித்துச் சொல்கிறேன் என்றாள் அவள். அவர்கள் உடைந்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போலீசுக்குப் போகவில்லை. குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறதே, அது என்னைத்தான் காப்பாற்றியது.

யோசித்துச் சொல்கிறேன் என்றாளே, அது என்னைத் தின்றது. அவளும் மகளும் இந்த வீட்டில் இருப்பார்களா, போய்விடுவார்களா என்பது அவள் வாயில் இருந்தது. நான் நல்லவன் என்று காட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த நல்லது ஒன்றுதான், பயிற்சி. டாக்டர் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து யோசித்தேன். ஜீனை நான் மாற்ற முடியாது. என்றைக்கோ வந்து போன வைரஸை என்ன செய்வது? வெயில் இருக்கிறது. வெயிலுக்குப் பெங்களூரில் பஞ்சம் இல்லை. சிகரெட் என்று அவர் சொன்னது மட்டும் என் காதில் ஏறவே இல்லை. ஏனென்றால் அதை நிறுத்த வேண்டியவன் நான்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, பதினோரு மணிக்கு, மொட்டை மாடிக்கு வா என்றேன். தினமும் ஒரு மணி நேரம் வெயிலில் நடை, பிறகு கை கால் பயிற்சி.

"வைட்டமின் டிக்குத்தான் மாத்திர குடுத்திருக்காரே. சூடு ஏறினா எனக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னப்ப நீங்க கூடத்தான இருந்தீங்க?"

"சோம்பேறிக்கு ஆயிரம் காரணம்."

"நெஜமா எனக்கு ஏதாவது செய்யணும்னா, மொதல்ல வீட்டுக்குள்ள சிகரெட் பிடிக்கிறத நிறுத்துங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. மேஜையில் இருந்த என் ஆஷ்ட்ரேயைப் பார்த்துச் சொன்னாள்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. அவள் மணிக்கட்டைப் பிடித்துப் படியில் இழுத்துக்கொண்டு போனேன். முழங்கால் இரண்டு படியில் இடித்தது. மாடிக் கதவைத் திறந்து வெளியே தள்ளினேன். சிமெண்ட் தரை காலைச் சுட்டது. அவள் காலில் செருப்பு இல்லை. நட என்றேன். நடந்தாள். ஒரு சுற்று வந்தாள். இரண்டாவது சுற்றில் இடது கால் தரையைத் தேய்த்தது. மூன்றாவதில் கையை முன்னால் நீட்டித் துழாவினாள். "கண்ணு தெரியலங்க" என்றாள். "நடிக்காதே" என்று கத்தினேன், மைதானத்தில் கத்துகிற அதே குரலில். இரண்டு காலும் ஒரே நேரத்தில் மடங்கி, அப்படியே உட்கார்ந்தாள். நைட்டி நனைந்து, சுடுகிற தரையில் ஈரம் பரவியது. அவள் கையால் அந்த ஈரத்தை மறைக்கப் பார்த்தாள். நான் தோளைப் பிடித்து எழு எழு என்று உலுக்கிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த கன்னடக்கார அம்மா கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஏறி வந்துவிட்டார். அறுபது வயது இருக்கும். என்னை இரண்டு கையாலும் நெஞ்சில் தள்ளினார். "ஏன்ரீ, மனுஷ்யரா நீவு?" என்றார். நீயெல்லாம் மனுஷனா என்று இதற்கு முன் பலர் என்னைத் தமிழில் கேட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் திருப்பி அடித்திருக்கிறேன். அன்றைக்கு அடிக்கவில்லை. அவர் தொட்டியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு அவள் தலையிலும் கழுத்திலும் ஊற்றினார். பிறகு நாங்கள் இருவரும் அவளைத் தூக்கிப் போய் ஃபேனுக்கு அடியில் கிடத்தினோம். அரை மணி நேரத்தில் கண் தெரிந்தது. காலுக்குப் பலம் திரும்ப மாலை ஆயிற்று. அடிபட்ட நரம்பு சூட்டைத் தாங்காது, உடம்பு குளிர்ந்தால் திரும்பும் என்று டாக்டர் முன்பே சொன்னதை அப்போதுதான் நினைவுபடுத்திக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் அவளைத் தொடவில்லை. சிகரெட்டையும் விட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றுகூட நினைத்தேன். அடிக்காமல் இருப்பதையே ஒரு பெரிய தியாகமாக எண்ணி, உள்ளுக்குள் என் முதுகை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி திறந்து ஒரு மாதம் இருக்கும். மகள் கூடத்தில் தரையில் சார்ட் பேப்பரை விரித்து ஸ்கூல் புராஜெக்ட் செய்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பால் கொண்டுவந்தாள் மனைவி. டம்ளர் நழுவியது. மூன்று நாள் வேலை, மொத்தமும் பாலில் நனைந்தது. மகள் எழுந்தாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அம்மாவின் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள்.

"நடிக்காதே" என்றாள்.

என் வார்த்தை. என் குரல். கையை வீசிய விதம்கூட என்னுடையதுதான், தோளிலிருந்து. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கையை ஓங்கிக்கொண்டு போனேன். பெற்ற தாயை அடிக்கிறாயா என்று அவளை அங்கேயே பிளந்துவிடும் வேகம். மனைவி குறுக்கே வந்து நின்றாள். ஓங்கிய என் கையை அவளுடைய மரத்துப்போன கையால் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை. ஒரு உதறலில் விலக்கியிருக்கலாம்.

"அவள அடிச்சு, அடிக்கக்கூடாதுன்னு சொல்லிக் குடுக்கப் போறீங்களா?"

மகள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓடிப்போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டது. மனைவி மெல்ல உட்கார்ந்தாள். கன்னத்தில் சின்ன விரல்கள் சிவந்து தெரிந்தன.

"என் நோய் இவளுக்கு வருமான்னு டாக்டர்கிட்ட எத்தன தடவ கேட்டேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் பெரும்பாலும் வராதுன்னார். ராத்திரி பகலா அதுக்குத்தான் ஜெபம் பண்ணிட்டிருந்தேன். உங்களுது வரும்னு எனக்குத் தோணவே இல்ல. வந்துடுச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என் அப்பா என்னை பெல்ட்டால் அடித்ததைச் சொல்ல நினைத்தேனா, மாஸ்டர் வேலையில் பழகிய கை என்று சொல்ல நினைத்தேனா, இப்போது நினைவில்லை. காரணங்கள் எப்போதும் என்னிடம் நிறைய இருந்தன.

"காரணம் எனக்கு வேணாம்" என்றாள் அவள். "நீங்க போங்க. அவளுக்கு இன்னும் வயசு இருக்கு. இது முத்தறதுக்கு முன்னாடி நான் அவளப் பாத்துக்கிறேன்."

நான்கு சட்டையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சின்ன மச்சான் கையில் ஸ்டீல் பிளேட் வைத்திருக்கிறார்கள். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் கதவைத் திறக்கவில்லை, ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டான். பள்ளிக்கூடத்தில், ஒருவன் தலை சுற்றுகிறது என்றால் நிழலில் உட்காரச் சொல்கிறேன். ஏமாற்றுகிறவன் ஏமாற்றிவிட்டுப் போகட்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற வேண்டும். போன தடவை, அண்ணனால் வர முடியாததால், எனக்குப் போன் செய்தாள். "கூட வரலாம். தொட வேணாம்" என்றாள். மகளும் வந்தாள். மனைவி ஊன்றுகோலோடு முன்னால் நடக்க, மகள் பக்கத்தில், நான் நாலடி பின்னால் வந்தேன். மருந்து ஏற்றி முடிந்து வெளியே வரும்போது, வாசல் படியில் ஊன்றுகோல் வழுக்கி அவள் சாய்ந்தாள். தாங்கிப் பிடிக்க என் கை தானாக நீண்டது. பிடிக்கத்தான் நீட்டினேன், சத்தியமாகப் பிடிக்கத்தான். அவள் கம்பியைப் பற்றிக்கொண்டு தானே சமாளித்து நின்றாள். மகள் மட்டும் இரண்டு கையாலும் தன் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டிக் குனிந்திருந்தாள். நான் கையை இறக்கிய பிறகும் அவள் முகத்தைத் திறக்கவில்லை.